நோயாளி, முதியவர், பிள்ளை பார்க்கிறவர்களுக்குக் கட்டாயப் பதிவு வேண்டுமா?

நோர்வூட் வாசகர் கேட்டது, 2025 செப்டெம்பர் 6

அம்மாவுக்குப் பக்கவாதம். இடது பக்கம் முழுதாக விழுந்துவிட்டது. நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள், அதனால் ஏஜென்சி மூலம் ஆள் எடுத்தோம். வந்த பெண்ணுக்கு அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கக்கூடத் தெரியவில்லை. சில நாட்களிலேயே இடுப்புக்குக் கீழே புண். "டிரெயினிங் எடுத்த பிள்ளை" என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். என் கருத்து இது: இந்த வேலை செய்கிற எல்லோரையும் கட்டாயமாகப் பதிவு செய்ய வேண்டும். சான்றிதழ் இல்லாதவர் வரவே கூடாது. மறுப்பவர் உண்டா?

செப்டெம்பர் 7

மறுக்கிறேன். முழுதாக இல்லை, பாதி.

நான் இலங்கை மலையகத்தில் லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவில், அதாவது தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற இடத்தில், இருந்தவள். பிறகு கண்டியில் ஒரு வீட்டில் வயதான தம்பதியைப் பார்த்தேன். இரண்டு இடத்திலும் சான்றிதழ் கேட்கவில்லை. காம்பராவில் கேட்டது, "உனக்கு எத்தனை பிள்ளை?" கண்டியில் கேட்டது, "சிங்களம் பேசுவியா?"

முதலில் புண். விவாதம் காத்திருக்கும், புண் காத்திருக்காது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள், இரவிலும்தான். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்தால் குதிகால் மெத்தையில் படாது. தோல் சிவந்திருந்தால் விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்தி எடுத்த பிறகும் வெளிறாமல் சிவப்பாகவே இருந்தால் அங்கே புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள், பவுடரும் போடாதீர்கள். திறந்த புண் என்றால் கிளினிக்கில் காட்டுங்கள்.

இதை அந்தப் பெண்ணுக்கு ஏஜென்சி சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். சொல்லிக் கொடுக்காமலே காசு வாங்கியவர்களைப் பற்றி உங்கள் கேள்வியில் ஒரு வரி இல்லை. மாதம் நீங்கள் கட்டுகிற காசில் எவ்வளவு அவள் கைக்குப் போகிறது என்று அவளிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

செப்டெம்பர் 7, இரவு

"படிக்காத தோட்டத்துப் பெண்களிடம் விட்டால் இப்படித்தான்" என்று ஒரு ஐயா மேலே எழுதியிருக்கிறார். கொழும்பிலும் கண்டியிலும் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் இந்தப் பெண்களின் இடுப்பில் வளர்ந்தன என்று ஐயா வீட்டுப் பெரியவர்களிடம் விசாரிக்கட்டும். நிர்வாகி அதை அழிக்க வேண்டாம், கிடக்கட்டும்.

செப்டெம்பர் 10

பதிவு என்றதும் எனக்கு ஏன் வயிறு கலங்குகிறது என்று ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறாள். காரணம் பழையது.

இந்த நாட்டில் வீட்டு வேலையாட்களைப் பதிவு செய்ய ஒரு சட்டம் 1871 இலேயே வந்தது. அந்த ஆண்டின் 28 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரன் காலம். ஆளுக்கு ஒரு சிறு கைப்புத்தகம். வேலையை விட்டுப் போகும்போது ஆள் எப்படி என்று எஜமான் அதில் எழுதிக் கொடுக்க வேண்டும். எஜமான் எப்படி என்று எழுத அதில் இடம் இல்லை. சம்பளம், லீவு, உறங்க இடம், ஒன்றும் இல்லை. சாமான் களவு போனால் யாரைப் பிடிப்பது என்பதுதான் அதன் கவலை.

பிறகு வந்த சட்டங்கள் இவளைத் தாண்டித் தாண்டிப் போயின. 1941 இன் சம்பள சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் தேயிலைக்குச் சம்பளம் தீர்மானிக்கச் சபை உண்டு, வீட்டு வேலைக்கு இல்லை. 1958 இல் வந்த ஊழியர் சேமலாப நிதி (ஈ.பி.எஃப், வயதான காலத்துக்கான சேமிப்பு) வீட்டு வாசற்படியில் நின்றுவிட்டது. 2016 இன் தேசிய குறைந்தபட்ச சம்பளச் சட்டமும் வீட்டு வேலையாட்களை வெளியே விட்டது. கொழுந்து பறித்த அம்மாவுக்கு ஈ.பி.எஃப் உண்டு, மகள் அதே மலையிலிருந்து இறங்கி கொழும்பில் ஒரு நோயாளியைப் பத்து வருடம் தூக்கிக் கிடத்தினாலும் அவளுக்கு ஒன்றுமில்லை. நம் லயங்களில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், இப்படி எத்தனை குடும்பம் என்று எண்ணத் தேவையில்லை, ஒரு லயத்தில் நடந்து பார்த்தால் போதும்.

அதனால் பதிவை யாரிடமிருந்து தொடங்குவது என்பதுதான் என் பேச்சு. காசு கைமாறுகிற இடத்திலிருந்து தொடங்குங்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு ஆள் அனுப்புகிற உள்ளூர் முகவர்களுக்கு 1956 இலேயே ஒரு சட்டம் உண்டு, 37 ஆம் இலக்கம். தொழில் ஆணையாளரிடம் அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். உங்கள் ஏஜென்சியின் சுவரில் அதைப் பார்த்தீர்களா? லட்சுமி படம்தான் இருந்திருக்கும்.

செப்டெம்பர் 14

காம்பரா பற்றிக் கேட்டவர்களுக்கு. கொஞ்சம் நீளும்.

காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்துக்குப் போகும் முன் தாய்மார் வருவார்கள். இருட்டும் பனியுமாக இருக்கும், பிள்ளை போர்வைக்குள் உறங்கியபடியே கைமாறும். பால் போத்தல்கள் எல்லாம் ஒரே மாதிரி. யாருடையது என்று தெரிய ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு நிற நூல் கட்டியிருப்போம். பெயர் எழுதி ஒட்டினால் கொதிநீரில் போய்விடும், நூல் நிற்கும். ஒரு தாய்க்கு இரட்டைப் பிள்ளை, இரண்டு போத்தலுக்கும் சிவப்பு நூல், அதில் ஒன்றுக்கு மட்டும் இரட்டை முடிச்சு. குறுக்குக் கம்பியில் வரிசையாகச் சேலைத் தொட்டில்.

வேலை நேரத்தில் பால் கொடுக்கத் தாய்க்கு இரண்டு இடைவேளை கொடுக்க வேண்டும் என்று 1939 இன் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தில் பிறகு சேர்த்தார்கள். பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரை. காம்பரா வசதி இருந்தால் அரை மணி, இல்லாவிட்டால் ஒரு மணி. எழுத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. மேல் மலையில் கொழுந்து என்றால் இறங்கி வரவே அரை மணி போய்விடும். மார்பு கட்டி, சட்டை நனைந்து, மூச்சு வாங்க வந்து உட்காருவார்கள். வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளை கண்டும் காணாமல் விட்டால் பிள்ளை நிறையக் குடிக்கும், அவ்வளவுதான் சட்டம்.

நான் சேர்ந்தபோது எனக்கு மேலே ஒரு பெரிய ஆயம்மா இருந்தார். எந்தப் பிள்ளை எந்தப் பக்கம் ஒருக்களித்தால் உறங்கும் என்று அவருக்குத் தெரியும். அழுகையைக் கேட்டே பசியா வயிற்று வலியா என்று சொல்வார். ஆனால் வலிப்பு வந்த பிள்ளையின் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார். அவருக்கு அவர் மாமியார் சொல்லிக் கொடுத்தது அது.

1992 இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போன பிறகு வீடு, சுகாதாரம், காம்பரா எல்லாவற்றையும் பார்க்க ஒரு ட்ரஸ்ட் வந்தது. இப்போது பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்கிறார்கள். காம்பரா "சிறுவர் அபிவிருத்தி நிலையம்" ஆனது. சுவரில் யானை, முயல் வரைந்தார்கள். பயிற்சியும் வந்தது. வலிப்பு என்றால் ஒருக்களித்துப் படுக்க வை, வாயில் எதையும் திணிக்காதே, எத்தனை நிமிடம் என்று மணிக்கூட்டைப் பார். நிறைப் பதிவில் கோடு கீழே சரிந்தால் மருத்துவச்சியிடம் சொல். பெரிய ஆயம்மாவும் முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டார். அடுத்த வலிப்புக்குச் சாவிக்கொத்து அவர் இடுப்பிலேயே இருந்தது.

ஆகவே பயிற்சி வீண் என்று நான் சொல்ல வரவில்லை. பயிற்சி பிள்ளையைக் காப்பாற்றும். என் மனக்குறை வேறு. எங்களுக்கு அப்போது ஒரு நாளைக்கு ஒரு பேர்தான், அதாவது ஒரு நாள் கூலி. கொழுந்து அதிகம் பறித்தால் மேலதிகக் கிலோவுக்குக் காசு உண்டு. காம்பராவில் மேலதிகப் பிள்ளைக்கு மூக்குச் சளி மட்டும்தான் உண்டு.

பயிற்சி எடுத்த கெட்டிக்காரப் பிள்ளைகள் என்ன செய்தார்கள்? டவுனில் முன்பள்ளிக்குப் போனார்கள், இல்லாவிட்டால் வெளிநாடு. யாரைக் குறை சொல்வது? சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட்டு அதே பேருக்கு அதே காம்பராவில் கிடக்க நானாயிருந்தாலும் யோசிப்பேன். (நான் கிடந்தேன். அது வேறு கதை.)

செப்டெம்பர் 15

ஒரு தம்பி கேட்கிறார், ஆண்கள் இந்த வேலைக்கு வரலாமா என்று. வாருங்கள். எண்பது கிலோ ஐயாவைக் குளிப்பாட்டத் தூக்கும்போது உங்களைத்தான் நினைத்துக்கொள்வேன்.

செப்டெம்பர் 21

கண்டி வீடு. இதை எழுதத் தயங்கினேன்.

பெரியவருக்கு விழுங்க முடியாது. மூக்கு வழியாக டியூப், அதில்தான் சாப்பாடு. தலையை உயர்த்தி வைத்து மெதுவாக ஊட்ட வேண்டும், முடிந்த பிறகும் உடனே படுக்க விடக்கூடாது. இதெல்லாம் ஆஸ்பத்திரியில் ஒரு நேர்ஸ் மிஸ்ஸி தமிழ் தெரியாவிட்டாலும் கையால் செய்து காட்டி எனக்குப் பழக்கிவிட்டார். ஒரு இரவு பெரியவர் இழுத்ததில் டியூப் பாதி வெளியே வந்துவிட்டது. மகள் மெல்பேர்னில். வட்ஸ்அப் வீடியோவில் பார்த்துவிட்டு, "அப்படியே உள்ளே தள்ளு, ஒன்றும் ஆகாது" என்றார்.

நான் தள்ளவில்லை. அது நுரையீரல் பக்கம் போனால் அடுத்த தடவை ஊற்றுகிற கஞ்சி அங்கேதான் போகும். முச்சக்கர வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். "டிரெயினிங் உள்ள ஆள் என்றல்லவா சொன்னார்கள்?" என்று மகளுக்குக் கோபம். முச்சக்கர வண்டிக் காசை ஏஜென்சி என் சம்பளத்தில் வெட்டியது. என் அடையாள அட்டையும் "பாதுகாப்புக்காக" அவர்களிடம்தான் இருந்தது, அதனால் சத்தமாகப் பேசவும் முடியவில்லை.

அன்றிலிருந்து எனக்குள் ஒரு யோசனை ஓடுகிறது. நேர்ஸ் தாதியர் சபையிலும், மருத்துவச்சி, மருந்தாளர் மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மருத்துவ சபையிலும் பதிவு செய்தவர்கள். "அது என் வேலை இல்லை, டொக்டரைக் கேளுங்கள்" என்று ஒரு நேர்ஸ் சொன்னால் அவர் பின்னால் ஒரு சபை நிற்கிறது. நான் சொன்னால் திமிர். இன்சுலின் போடு என்பார்கள், கதீற்றர் (சிறுநீர்க் குழாய்) மாற்று என்பார்கள், நடுவில் நாய்க்கும் சோறு வை என்பார்கள். எதுவரைக்கும் என் வேலை என்று எங்கேயும் எழுதியில்லை என்பதால் எல்லாமே என் வேலை.

10 ஆம் திகதி நான் எழுதியதோடு இதைச் சேர்த்துப் படியுங்கள். 1871 மாதிரிப் பதிவுக்கு நான் எதிரி. முடியாது என்று சொல்லும் உரிமையை என் கையில் தருகிற பதிவு என்றால் முதல் ஆளாகப் பெயர் கொடுப்பேன்.

செப்டெம்பர் 28

அக்கா மகள் வேல்ஸில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. இந்த இழையை அவளுக்கு அனுப்பினேன். அவள் போனில் சொன்னதையும் பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

அங்கே சோஷல் கெயார் வேல்ஸ் என்று ஒரு அமைப்பு, 2017 இலிருந்து அந்தப் பெயரில். பதிவும் அதன் வேலை, பயிற்சியை வளர்ப்பதும் அதன் வேலை. வீடு வீடாகப் போய்ப் பராமரிக்கிறவர்கள் 2020 ஏப்ரலிலிருந்து கட்டாயம் பதிய வேண்டும். முதியோர் இல்லங்களில் இருப்பவர்களுக்கு 2022 ஒக்டோபரிலிருந்து. நடத்தை விதி உண்டு. மோசமாக நடந்தால் விசாரித்துப் பெயரை எடுத்துவிடுவார்கள். ஸ்கொட்லாந்திலும் வட அயர்லாந்திலும் இதே போல உண்டு. இங்கிலாந்தில் பராமரிப்பாளருக்கு இப்படியொரு கட்டாயப் பதிவு கிடையாது, சமூகப் பணியாளருக்குத்தான். ஒரே ராச்சியத்துக்குள் இத்தனை கோலம்.

இதைப் படித்ததும் நோர்வூட் வாசகர் துள்ளிக் குதிப்பார். கொஞ்சம் பொறுங்கள். அதே 2022 இல் வேல்ஸ் அரசு இந்த ஊழியர்களுக்கு வாழ்க்கைச் செலவுக்கு ஏற்ற மணிக்கூலி கொடுக்கவும் பணம் ஒதுக்கத் தொடங்கியது. இல்லம் நடத்துகிறவரும் தனியாகப் பதிய வேண்டும், அங்கே சோதனைக்கு வருவார்கள். மகள் சொன்னாள், "சித்தி, இல்லம் மாறினாலும் பதிவு என்னோடு வரும்." எனக்கு அதுதான் பிடித்தது. ஏஜென்சி என் அட்டையை வைத்திருந்தது, அங்கே அவள் பதிவை அவளே வைத்திருக்கிறாள்.

அப்புறம், லண்டன் கெயார் விசா என்று இன்னும் ஆசை காட்டுகிறவர்களிடம் பணம் கட்டாதீர்கள். வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பராமரிப்பாளர் எடுப்பதை 2025 ஜூலை 22 உடன் நிறுத்திவிட்டார்கள்.

ஒக்டோபர் 1

இன்று சிறுவர் தினமும் முதியோர் தினமும். பிள்ளைகளுக்குப் பலூன், பெரியவர்களுக்குச் சால்வை. இரண்டு கூட்டத்தையும் மேடைக்குத் தூக்கிக்கொண்டு போனவளுக்கு சமையலறையில் மிஞ்சின பற்றிஸ். அவளுக்கும் ஒரு நாள் இருக்கிறது, ஒக்டோபர் 29, ஐ.நா. 2023 இல் அறிவித்தது. அன்றைக்குச் சால்வை கேட்டு யாராவது பிரதேச செயலகத்துக்குப் போய்ப் பாருங்கள், முகத்தைப் பார்க்க நானும் வருகிறேன்.

ஒக்டோபர் 5

எட்டாம் வகுப்போடு நின்றவர், பன்னிரண்டு வருடமாக நோயாளி பார்க்கிறார், சான்றிதழ் எடுக்க வழி உண்டா? மூன்று பேர் தனியாகக் கேட்டுவிட்டார்கள், பொதுவிலேயே சொல்கிறேன்.

உண்டு. என்.வி.கியூ என்கிற தேசிய தொழில் தகைமை ஏழு நிலை. முதல் நான்கும் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். பராமரிப்பாளருக்கும் தரம் வகுத்திருக்கிறார்கள். வகுப்பில் உட்காராமல், ஏற்கெனவே தெரிந்த வேலையைக் காட்டிச் சான்றிதழ் எடுக்கிற வழிக்கு ஆர்.பி.எல் என்று பெயர். நைட்டா என்கிற அரசாங்கத் தொழிற்பயிற்சி அதிகார சபையில் கேளுங்கள். செய்த வேலைக்கான ஆதாரங்களைக் கோப்பாகக் கட்டிக் கொடுக்க வேண்டும், மதிப்பீட்டாளர் முன்னால் கேள்விக்குப் பதில் சொல்லிச் செய்து காட்ட வேண்டும்.

ஆதாரத்தில்தான் முதல் சிக்கல். வீட்டில் வேலை செய்தவளுக்கு நியமனக் கடிதம் ஏது? சம்பளச் சீட்டு ஏது? வீட்டுக்காரர் ஒரு கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் வேறிடம் போய்விடுவாள் என்று கொடுக்கமாட்டார்கள். அடுத்தது மொழி. கட்டிலில் சரியாகத் திருப்பத் தெரிந்தவள், கேள்வி சிங்களத்தில் வந்தால் வாயடைத்துப் போவாள். தமிழில் நடத்த முடியுமா என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது அந்த நாளின் சம்பளம். தோட்டத்தில் அரைப் பேர் போட்டாவது விடுவார்கள், வீட்டில் அதுவும் இல்லை.

"சான்றிதழ் இல்லாதவர் வரவே கூடாது" என்று நாளைக்கே சட்டம் வந்தால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவது பெரிய ஆயம்மா மாதிரி ஆட்கள். மூன்று மாத கோர்ஸ் முடித்து ஒரு நோயாளியையும் தொடாத பிள்ளை உள்ளே வருவாள். எனக்கு இருவரும் வேண்டும், ஒரே கட்டிலின் இரண்டு பக்கத்திலும்.

ஒக்டோபர் 12

பேச்சு எங்கோ போகிறது, போகட்டும்.

2013 இல் ஒரு விதி வந்தது. வீட்டு வேலைக்கு வெளிநாடு போகிற தாய், குடும்பப் பின்னணி அறிக்கை எடுக்க வேண்டும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் போகக்கூடாது, பெரிய பிள்ளை என்றால் யார் பார்ப்பார் என்று காட்ட வேண்டும். 2022 இல் அந்த ஐந்து வயதை இரண்டாக்கினார்கள், டொலர் தேவைப்பட்ட வருடம். அதே தாய் ஹட்டனில் பஸ் ஏறிக் கொழும்புக்கு நோயாளி பார்க்கப் போனால் அவள் பிள்ளையை யார் பார்க்கிறார் என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால் பதில் எல்லா லயத்திலும் ஒன்றுதான்: அம்மாயி, அம்மாவின் அம்மா. முழங்கால் வலியோடு பேரப்பிள்ளையைத் தூக்குகிற அந்த அம்மாயியை யார் பார்க்கிறார்? பக்கத்து வீட்டுப் பிள்ளை ஸ்கூல் விட்டு வந்து.

ஜப்பானுக்கு 2019 இலிருந்து முதியோர் பராமரிப்புக்கு ஆள் எடுக்க ஒப்பந்தம் இருக்கிறது. ஜப்பான் மொழிப் பரீட்சை, பராமரிப்பு வேலைக்கான மொழிப் பரீட்சை, தொழில் பரீட்சை மூன்றும் சித்தியடைய வேண்டும். நம் மலையிலும் பிள்ளைகள் படிக்கிறார்கள், நல்லது. ஆனால் கவனியுங்கள், ஜப்பானியப் பாட்டியைத் திருப்பிப் படுக்க வைக்க மூன்று பரீட்சை, நோர்வூட் அம்மாவுக்கு ஏஜென்சி ஐயாவின் வாய்ச்சொல்.

2012 குடிசன மதிப்பீட்டிலேயே இந்த நாட்டில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் அறுபது தாண்டியவர்கள். 2000 இன் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டத்தில் முதியோர் இல்லங்களைப் பதிய ஏற்பாடு உண்டு. பெற்றோரைப் பார்க்காத பிள்ளைகளிடம் பராமரிப்புப் பணம் கேட்கவும் வழி உண்டு. வீட்டுக்குள் கட்டிலருகே நிற்கிற பெண்ணைத்தான் இன்னும் எந்தச் சட்டமும் எட்டிப் பார்க்கவில்லை.

ஒக்டோபர் 18

நோர்வூட் வாசகர் பதில் எழுதியிருக்கிறார். அவர் கட்டுகிற காசில் பாதிகூட அந்தப் பெண்ணுக்குப் போகவில்லையாம். டிரெயினிங் என்பது ஒரு காலை நேரம், ஒரு வீடியோ. அம்மாவின் புண் ஆறி வருகிறது. அந்தப் பிள்ளை இப்போது போனில் அலாரம் வைத்துத் திருப்புகிறாளாம், சந்தோஷம்.

தீபாவளிக்கு அவள் வீட்டுக்குப் போக வேண்டுமாம், "போனால் அம்மாவை யார் பார்ப்பது, மாற்று ஆள் கேட்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் கேளுங்கள், கூடவே அனுமதிப்பத்திர இலக்கத்தையும் கேளுங்கள். கிடைக்காவிட்டால் நீங்களும் மனைவியும் லீவு போடுங்கள். அவள் போகும் முன் எப்படித் திருப்புவது, எங்கே தலையணை வைப்பது என்று அவளிடமே கற்றுக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்ததும் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். சம்பளம் எந்தத் திகதி, வாரத்தில் எந்த நாள் லீவு, இரவில் தொடர்ந்து எத்தனை மணி நேரம் உறங்கலாம், அந்த நேரத்தில் அம்மாவை யார் திருப்புவது, ஊசி, டியூப் எதுவும் அவள் வேலை இல்லை. தமிழில் எழுதுங்கள், ஒரு பிரதி அவளிடம் இருக்கட்டும். பிற்காலத்தில் ஆர்.பி.எல் போகிறாள் என்றால் அந்தத் தாளும் ஆதாரம்தான்.

அவள் அடையாள அட்டை யாரிடம் இருக்கிறது என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை.